அடித்ததற்குக் கிடைத்த கோட்டு

தோட்டத்தில் வேலை செய்த காலம் முழுவதிலும் எனக்கு ஒரே ஒரு பாராட்டுத்தான் கிடைத்தது. அதுவும் ஒரு மனுசனைப் பல் உதிர அடித்ததற்குக் கிடைத்தது. என் கவ்வாத்துக்கு எவனும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அந்த ஆத்திரம் எனக்கு வெகுகாலம் இருந்தது. எப்போது போனது என்று கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். கவ்வாத்து என்றால் கொழுந்து கொடுத்துக் களைத்துப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவது. பார்க்கிறவனுக்கு அது வெறும் வெட்டு. வெட்டுகிறவனுக்குத்தான் அதன் சங்கடம் தெரியும். வளைந்த கத்தி ஒரே வீச்சில் வாதை, அதாவது கிளையை, அறுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வெட்டுவாய் சரிந்திருக்க வேண்டும், மழைத்தண்ணீர் தங்கக்கூடாது. பட்டை கிழிந்தால் வாது அழுகிவிடும். விடியற்காலைக் குளிரில் விரல் மரத்துப்போய்க் கத்தி நழுவினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெள்ளையாகத் தெரியும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் கவ்வாத்துக்காரன் எவனுக்கும் கால் சுத்தமாக இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

நான் நன்றாக வெட்டுவேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நான் வெட்டி முடித்த நிரையைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க முடியாத கோபத்தில், எங்களை மேய்க்கிற கங்காணி என் அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டுப் போவான். அம்மா செத்து மண்ணாகி வெகுநாளாகியிருந்தது. அவளையும் விடமாட்டான்.

எனக்கு அந்தக் கங்காணி வேலையின்மேல் ஆசை. ஏன் ஆசை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். அந்தப் பெரட்டுக்களத்தில் என் அப்பாவைக் கங்காணி கம்பால் அடித்தான். அப்பா காய்ச்சலில் கிடந்து எழுந்து பிந்தி வந்திருந்தார், வேறொன்றுமில்லை. அப்போது எனக்கு மீசை முளைத்திருந்தது, கையில் கத்தியும் இருந்தது. எல்லாரும் நின்றதுபோல நானும் நின்றேன். கோட்டுப் போட்டவன் அடிக்கிறான், கோட்டில்லாதவன் அடி வாங்குகிறான் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. நீதி, நியாயம் என்று எதையும் நான் யோசிக்கவில்லை. என் முதுகு தப்ப வேண்டும் என்றுதான் யோசித்தேன்.

கோட்டு என்று சொன்னேன். எங்கள் தோட்டத்தில் ஒருவனைக் கங்காணியாக்கினால் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை தன்னுடைய பழைய கோட்டு ஒன்றைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் அவனுக்குக் கொடுப்பார். சீமையில் தைத்த கம்பளிக் கோட்டு. துரை ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுசன். நாங்கள் அவர் நெஞ்சுக்கு வருவோம். அந்தக் கோட்டின் கை எங்கள் ஆட்களுக்கு விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். கீழே வேட்டி, வெறுங்கால். வேறு எவனாவது அந்தக் கோலத்தில் வந்திருந்தால் லயமே கூடிச் சிரித்திருக்கும். கங்காணியைப் பார்த்து எவனும் சிரித்ததில்லை, அவன் கையில் கம்பு இருந்தது.

அந்தக் கோட்டுக்காக வருடக்கணக்கில் ஒரு கண்ணைச் செடியிலும் ஒரு கண்ணை ரோட்டிலும் வைத்து வேலை செய்தேன். துரை மலைக்கு வருகிறார் என்று தெரிந்தால் ரோட்டோர நிரையைப் பிடித்துக்கொள்வேன். அதற்காக ஒருவனோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கிறேன். துரை வருவார், ஜீப்பில் உட்கார்ந்தபடியே மலையைப் பார்ப்பார், போய்விடுவார். அவர் பார்த்தது மலையைத்தான். அதை வெட்டிய ஆட்களை அவர் பார்க்கவில்லை.

எனக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கச்சி. அவளை எங்கள் தோட்டத்திலேயே, முறைப்பையனுக்குத்தான் கட்டிக் கொடுத்தேன். எங்கள் லயத்தில் எனக்கு அடுத்த காம்பரா, அதாவது அடுத்த ஒற்றை அறை, அவர்களுக்குக் கிடைத்தது. மச்சானும் கவ்வாத்துக்காரன்தான். அவன் வெட்டிய செடி நாய் கடித்துக் குதறியதுபோல் இருக்கும். ஆனால் வாய் என்றால் அப்படி ஒரு வாய். தொழிற்சங்கம் வந்ததும் அவனைத் தோட்டத் தலைவராக்கினார்கள். கோயில் வாசலில் நின்று அவன் பேசத் தொடங்கினால் கிழடு கட்டைகள்கூடக் கை தட்டும். தொழிலாளியை எவன் அடித்தாலும் அந்தக் கையை ஒடிப்போம் என்பான். நானும் கை தட்டியிருக்கிறேன்.

வீட்டுக்குள் அவன் வேறு ஆள். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் மிலாறு விழும் சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். மிலாறு என்பது கவ்வாத்தில் வெட்டி விழுந்த வாதுகள். பெண்கள் அதைக் கட்டிச் சுமந்து வந்து அடுப்புக்கு வைப்பார்கள். தங்கச்சி சுமந்து வந்த மிலாற்றாலேயே தங்கச்சிக்கு அடி விழும். சில நாள் அது நான் வெட்டிய மிலாறாகக்கூட இருந்திருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினேன். அவள்தான் வெளியே வந்தாள். உதடு வெடித்திருந்தது.

“அண்ணே, ஒன் வேலயப் பாத்துக்கிட்டுப் போ. எங்கூட்டு விசயத்துல நீ தலயிடாத.”

லயத்தில் எல்லாருக்கும் அதுதான் சட்டம். புருசன் பொண்டாட்டி சண்டையில் மூன்றாம் ஆள் நுழையக்கூடாது. நானும் போய்ப் படுத்துக்கொண்டேன். காதைப் பொத்திக்கொண்டால் அவ்வளவாகக் கேட்காது.

ஐம்பதுகளின் நடுவில், ஒருநாள் பேருக்கு, அதாவது ஒருநாள் கூலிக்கு, வெட்ட வேண்டிய செடிகளைத் துரை கூட்டிவிட்டார். பழைய கணக்குக்கே இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. சங்கம் வேலைநிறுத்தம் என்றது. ஆணும் பெண்ணும் ஒருவர் மிச்சமில்லாமல் உட்கார்ந்தோம். கோட்டு ஆசை ஒருபக்கம் இருந்தாலும் நானும் மனசறிந்துதான் உட்கார்ந்தேன். கடைக்காரன் சாமான் கொடுப்பதை நிறுத்தினான். போலீஸ்காரர்கள் லயத்துக்குள் நுழைந்து பானை சட்டிகளைப் பூட்ஸ் காலால் உதைத்து உடைத்தார்கள். வேலைக்குப் போகப் பார்த்த ஒருவனை எங்கள் ஆட்கள், எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பிடித்துக் கையை ஒடித்தார்கள். அவன் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது, யாரும் கதவைத் திறக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கும் தீர்ந்தபிறகு பிள்ளைகள் அழுவதையும் நிறுத்திவிட்டன. தங்கச்சிக்கு அப்போது நடக்கப் பழகிய ஒரு பெண் குழந்தை. அது சுவரோரம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஒரு காலை, பீலியில் முகம் கழுவிவிட்டு வருகிறேன், தங்கச்சி வாசலில் குந்தியிருக்கிறாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கை நனைந்துகிடக்கிறது. தோடு இருந்த இடம் கிழிந்து, காது இரண்டாகத் தொங்குகிறது.

அவள் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராக்காரிதான் சொன்னாள். வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றவேண்டும் என்று தலைவர் தோட்டைக் கேட்டாராம். அம்மா போட்டுவிட்ட தோடு, பிள்ளைக்கு அரிசி வாங்க அதை விட்டால் வேறு வழியில்லை என்று இவள் சொன்னாளாம். அவர் கழற்றக் காத்திருக்கவில்லையாம். ஊருக்குக் கஞ்சி ஊற்ற வீட்டுக்காரியின் காதைப் பிய்த்திருக்கிறான்.

எனக்குள் ஏதோ அறுந்தது. ஸ்டோருக்குப் போகும் ரோட்டில் ஓடினேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரின் வாசலில் எல்லாரும் திரண்டு நின்றார்கள். ஒரே கூச்சல். மச்சான் மதிலின்மேல் ஏறி நின்றிருந்தான். நான் அவனை மட்டும் பார்த்தேன். அவன் காலைப் பிடித்து ஒரே இழுப்பு. முகம் சரளைக்கல்லில் அடிக்க விழுந்தான். புரட்டிப் போட்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன். முதல் குத்தில் மூக்கு நசுங்கியது. அடுத்த குத்தில் அவன் முன்பல் என் விரல் முட்டிக்குள் ஏறியது. வலிக்கவில்லை. காதையாடா பிச்ச, காதையாடா பிச்ச என்று கத்திக்கொண்டே குத்தினேன். அந்தக் கூச்சலில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. அவன் தாடை ஒருபக்கம் நகர்ந்துபோனது என் கைக்குத் தெரிந்தது. அப்புறமும் குத்தினேன்.

அதற்குள் எங்கள் ஆட்கள் என்மேல் விழுந்தார்கள். முதுகிலும் தலையிலும் உதை. போலீஸ்காரர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள். குண்டாந்தடி மண்டையில் படுகிற சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம்தான், வேறு மாதிரி இல்லை. பெண்கள் கொழுந்து மலைக்குள் சிதறி ஓடினார்கள். நான் ரத்தச் சேறாகக் கிடந்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் என்னைத் தூக்கி நிறுத்தி மறுபடியும் அடிக்கக் கை ஓங்கியபோது யாரோ இங்கிலீசில் கத்தினார்கள். கை இறங்கியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பத்தடியில் துரையின் ஜீப் நின்றது. அதில் துரை உட்கார்ந்திருந்தார். மதிலடியில், மச்சானின் விரல் விரிந்த கைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கருங்கல் கிடந்தது.

அவன் அந்தக் கல்லைத் துரையின் தலைக்கு ஓங்கியிருக்கிறான். நான் அந்த நேரம் பார்த்து அவன் காலை வாரியிருக்கிறேன். கல்லையும் நான் பார்க்கவில்லை, துரையையும் பார்க்கவில்லை.

தலைவர் ஆஸ்பத்திரியில். மற்றவர்களில் பாதிப்பேர் போலீசில். அந்த வாரத்திலேயே வேலைநிறுத்தம் உடைந்தது. கூட்டிய செடியைக் குறைக்கவில்லை. எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தேன். நன்றி என்று இல்லை, எங்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு கோப்பைச் சாயத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், அந்த மாதிரி ஏதாவது. அவள் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் காம்பராவுக்குள் வந்து என் முகத்தைப் பத்து நகத்தாலும் கீறினாள்.

“அவரு சோறு திங்க வாயில்லாம கெடக்குறாரு. இப்ப ஒனக்கு நெஞ்சு குளுந்துச்சா?”

கட்டுப்போட்ட காதோடு அவள் அப்படிக் கேட்டாள். அவளைப் பிடித்து அறையலாம் போல வந்தது. அவளுக்காகத்தானே அடித்தேன் என்ற எண்ணம்தான் அதைவிட அதிகமாகச் சுட்டது. அந்த அடிக்கு நான் அவளிடம் கூலி எதிர்பார்த்திருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலைப் பெரட்டில் துரை என்னை முன்னால் கூப்பிட்டார். சீட்டுக் கிழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற பையன் கையில் ஒரு பழுப்புக் கோட்டு இருந்தது. துரை தன் தோட்டத்துத் தமிழில் இந்த ஆள் நல்ல ஆள், கல் வந்தது, இவன் பிடிச்சான், இனி இவன் கங்காணி என்றார். கோட்டைத் தன் கையாலேயே என் தோளில் போட்டார். புகையிலை வாசனை அடித்தது.

பொய் சொல்வானேன், எனக்கு மனசு துள்ளியது. வருடக்கணக்கில் கவ்வாத்து வெட்டிக் கேட்டதை, கண்மண் தெரியாமல் குத்திய ஒரு காலைக்குக் கொடுக்கிறார்கள். அது தப்பான கணக்கு என்று தெரிந்தும் தோளைக் குலுக்கிக் கோட்டுக்குள் புகுந்துகொண்டேன். கம்பையும் வாங்கிக்கொண்டேன். வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். முன்னால் நின்ற ஒரு கிழவர் என் காலடியில் காறித் துப்பினார். அவருடைய மகனின் மண்டை ஸ்டோர் வாசலில் பிளந்திருந்தது.

லயத்தில் எனக்குக் கருங்காலி என்று பெயர் வந்தது. நான் பீலிக்குப் போனால் பெண்கள் நிறைந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார்கள். கோயிலில் திருநீற்றுத் தட்டு எனக்கு முன்னால் வரும்போது நிற்காமல் நகர்ந்தது. துரையிடம் முன்னாலேயே பணம் வாங்கிக்கொண்டு சொந்த மச்சானை அடித்தேன் என்றார்கள். இல்லை, அவன் என் தங்கச்சி காதைப் பிய்த்தான் என்று எத்தனை பேரிடம் சொல்வது? சொன்னாலும், அதற்காக எவனாவது அடிப்பானா என்று திருப்பிக் கேட்டார்கள். துரைக்காக அடித்தேன் என்பதை எல்லாராலும் நம்ப முடிந்தது. தங்கச்சிக்காக அடித்தேன் என்பதை ஒருவராலும் நம்ப முடியவில்லை.

அந்த எரிச்சலில் மலையில் ஒரு பொடியனைக் கம்பால் முதுகில் போட்டேன். கத்தியைச் சரியாகத் தீட்டவில்லை என்று. அவன் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை என்று தோன்றியது. பெரட்டுக்களத்தில் நான் என் அப்பாவைப் பார்க்காமல் கங்காணியைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்தப் பார்வை.

மச்சான் தாடையில் கட்டோடு திரும்பி வந்தான். மறுநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய கிளாக்கர் நின்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார், துரைக்கும் எங்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு அவர்தான். தலைவருக்கு வேலையைவிட்டு நீக்குகிற பத்துச்சீட்டுப் போட்டாயிற்று, தோட்டத்தில் இனி அவனுக்குப் பேரில்லை, காம்பராவிலிருந்து சாமானைத் தூக்கி வெளியே எறிய வேண்டும், அதை நீ ஆட்களோடு போய்ச் செய்யவேண்டும் என்று துரை சொன்னதாகச் சொன்னார். புதுக் கங்காணிக்கு அதுதான் முதல் பெரிய வேலை.

தங்கச்சியின் சட்டி பானை. குழந்தையின் துணி. அப்போது எங்களுக்கு இந்த நாட்டுப் பிரசை என்று ஒரு கடதாசி கிடையாது, இந்தியாவிலும் எங்களைத் தெரிந்தவர் கிடையாது. தோட்டத்தில் பேர் போனால் நிற்க ஓரடி மண் இல்லை. அவளை ரோட்டில் இறக்கிவிட நான் கோட்டுப் போட்டிருக்கிறேன்.

“ஐயா, தொரகிட்டச் சொல்லுங்க. நான் அவர காப்பாத்த அடிக்கல. அவரு அங்க இருந்ததே எனக்குத் தெரியாது. அந்தப் பய என் தங்கச்சி காதப் பிச்சான், அதுக்கு அடிச்சேன்” என்றேன்.

 பெரிய கிளாக்கர் அதைத் துரையிடம் இங்கிலீசில் சொன்னார். துரை முதலில் சிரித்தார். கிளாக்கர் என் பக்கம் திரும்பினார்.

“நீர் ஏன் அடிச்சனீர் எண்டு துரை கேக்கேல்லை. நீர் அடிச்சதை அவர் கண்டவர், அது காணும் எண்டுறார்.”

அவருக்கு அது போதுமாம். எனக்குக் காணாது. கோட்டைக் கழற்றி, மடித்து மேசைமேல் வைத்தேன். கம்பை அதன்மேல் வைத்தேன். இந்த வேலைக்கு நான் வெட்டின கவ்வாத்தைப் பார்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். இப்போது யோசித்தால் அதுவும் ஆசைதான், வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். துரையின் முகம் சிவந்துபோனது. அந்தக் கம்பையே எடுத்து என் தோளில் ஒரு வீச்சு, முதுகில் ஒரு வீச்சு. கம்பளியோடு நின்றிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. கோட்டை வெளியே வீசி எறிந்தார். வராந்தாவில் கிடந்த அவருடைய நாய் எழுந்து வந்து அதை மோந்து பார்த்து அதன்மேல் சுருண்டு படுத்துக்கொண்டது.

நான் பழையபடி கத்தியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். மச்சானை வெளியே எறிவார்கள் என்று காத்திருந்தோம். எறியவில்லை, பத்துச்சீட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். துரை நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர். ஒரு மாதம் போனபிறகு அதே பழுப்புக் கோட்டைப் பெரட்டில் மச்சானின் தோளில் போட்டார். கல் ஓங்கியவனுக்கே கங்காணி வேலை. கத்துகிற வாய்க்குள் எதையாவது வைத்துவிட்டால் கத்தாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்பல் இல்லாத வாயைத் திறந்து மச்சான் சலாம் என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சத்தமாகவே சிரித்தேன். அன்றைக்கு அரைநாள் பேர்தான் கிடைத்தது. ஆனால் லயத்து ஆட்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் பீலியில் எனக்குத் தண்ணீர் விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே ஆச்சரியம். நான் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தீர்மானம் செய்து விடவில்லை. துரை மலைக்கு வந்துபோனார் என்று பக்கத்தில் வெட்டியவன் சாயந்தரம் சொன்னபோதுதான் அன்றைக்கு நான் தலையே தூக்கவில்லை என்று தெரிந்தது. ரோட்டோர நிரையை யாரோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பள்ளத்தில், மூடுபனிக்குள், ஒருவரும் எட்டிப் பார்க்காத நிரை. கத்தி முன்னைவிடச் சுகமாக இறங்கியது. யாருக்காக இவ்வளவு சுத்தமாக வெட்டுகிறேன் என்று ஒரு தடவை யோசித்தேன். பதில் வரவில்லை. பதில் வராததில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

மச்சானுக்குக் கங்காணி வீடு கொடுத்தார்கள். தனி வீடு, சிமெண்டுத் தரை. தங்கச்சி அங்கே போனபிறகு எனக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம் கேட்கவில்லை. அடி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது. அவள் என்னோடு பேசுவதில்லை. எதிரில் வந்தால் குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போவாள்.

அடுத்த கவ்வாத்துக் காலத்தில் ஒருநாள் நாங்கள் வெட்டிய மலைக்குப் பக்கத்து மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான்தான். நிமிர்ந்து கத்தியைத் துடைத்தபோது தங்கச்சியைப் பார்த்தேன். மற்றப் பெண்களெல்லாம் இரண்டு கையாலும் பறித்துக் கூடைக்குள் எறிகிறார்கள். அவள் ஒற்றைக் கையால் பறிக்கிறாள். இடது கை பக்கத்தில் தொங்குகிறது.

கானைத் தாண்டிப் போய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. கம்பு பட்ட கோடுகள் முழங்கைவரை போயிருந்தன. பீலியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தேயிலையைப் பார்த்துச் சொன்னாள்.

மேட்டில் கோட்டோடு மச்சான் நின்றிருந்தான். என் பின்னால் வந்த கவ்வாத்துக்காரன் ஒருவன் தோளைப் பிடித்தான். கங்காணிமேல் கை வைத்தால் அன்றைக்கே பத்துச்சீட்டு, யோசித்துக்கொள் என்றான். யோசித்தேன். இந்தத் தடவை எல்லாம் தெரிந்தது. துரை எங்கே இருக்கிறார், யார் யார் பார்க்கிறார்கள், எனக்கு என்ன கிடைக்கும், எல்லாம். தங்கச்சி என் முகத்தைத்தான் மறுபடியும் கீறப்போகிறாள் என்பதும் தெரிந்தது. கத்தியை அவன் கையில் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறினேன். கத்தியோடு போனால் கொன்றிருப்பேன்.

என்னைக் கண்டதும் மச்சான் கம்பை ஓங்கினான். துரையின் கோட்டுக் கை அவன் விரலை மூடிக்கொண்டு கம்பில் சிக்கியது. அவன் அதை உதறுவதற்குள் நான் அடிவயிற்றில் உதைத்தேன். மடிந்து விழுந்தவனைக் கோட்டின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் போட்டேன். முகத்தில் அடித்தேன், விலாவில் அடித்தேன். அவளை அடித்த கை எதுவென்று கேட்டேன். எது என்று எனக்கே தெரியும். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் திருகி மேலே தூக்கினேன். ஒடிந்தது. அவன் மாடுபோல அலறினான். இந்தமுறை நான் எதையும் கத்தவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி அவன்தான் கத்தினான், இனி அவளைத் தொடமாட்டேன், மச்சான், தொடமாட்டேன் என்று. பெண்கள் எட்டி நின்று பார்த்தார்கள். விலக்க ஒருவரும் வரவில்லை. தங்கச்சியும் வரவில்லை. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒற்றைக் கையால் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் பத்துச்சீட்டு வந்துவிட்டது. போலீசுக்குப் போனால் பேச்சு வளரும் என்று துரை நினைத்திருக்க வேண்டும். பொழுது இறங்குமுன் தோட்டத்தை விட்டுப் போய்விடச் சொன்னார். சீட்டை என் கையில் கொடுத்த பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்தமுறை ஏன் ஐசே அடிச்சனீர்?”

“போன மொறை எதுக்கு அடிச்சேனோ அதுக்குத்தாங்க.”

அவர் இதைத் துரைக்கு மொழிபெயர்க்கவில்லை. துரையும் என்னவென்று கேட்கவில்லை.

தலவாக்கலையில் இறங்கிப் போகிற வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் சித்தப்பா முறையில் ஒருவர் இருந்தார். அங்கே போய் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. துணியை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு இறங்கினேன். லயத்தைத் தாண்டும்போது பின்னால் சத்தம் கேட்டது. தங்கச்சி வருகிறாள். இடுப்பில் குழந்தை, வீங்கிய கையைச் சேலைத் தலைப்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். வேறு மூட்டை முடிச்சு ஒன்றும் இல்லை. என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

அப்படித்தான் திட்டினாள். உன்னை எவன் கூப்பிட்டான் என்றாள். முதல் தடவை பல்லை உடைத்தாய், இப்போது கையை ஒடித்தாய், கஞ்சி குடிக்க அவர் எந்தக் கையைத் தூக்குவார் என்றாள். சிமெண்டுத் தரை வீடு, தனி அடுப்பு, எங்கள் பரம்பரையில் எவளுக்குக் கிடைத்தது, அதில் மண்ணைப் போட்டாயே என்றாள். அப்பா செத்ததையும் அம்மா செத்ததையும் என் கணக்கிலேயே சேர்த்தாள்.  முன்னைப்போல எனக்கு அது சுடவில்லை. குழந்தை கனத்தது அவளுக்கு. கையை நீட்டினேன். திட்டிக்கொண்டே கொடுத்தாள். அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டது.

ரோட்டுக்கு வந்தோம். பஸ் வந்தது. குழந்தையை அவளிடம் கொடுக்கத் திரும்பினால் அவள் எனக்கு முன்னால் ஏறி உள்ளே போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. கண்டக்டர் சிங்கள ஆள். எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தான். நான் மடியைத் தடவுமுன்னே அவள் சேலை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக் காசை நீட்டினாள்.

“தலவாக்கலே. தெக்காய்,” என்று சிங்களத்தில் இரண்டு டிக்கெட் கேட்டாள்.

வாங்கியதை என் கையில் திணித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்டத் தொடங்கினாள்.